முகாம் என்ற பெயரில் வளர்ந்த ஊர்கள்
புத்தளத்தின் எழுதப்படாத நகரக் கிராமங்கள் பற்றி

வண்ணாத்திவில்லு என்ற பெயரை நாட்டின் பிற பாகங்களில் வாழ்வோர் அண்மைக் காலத்தில் மூன்று சந்தர்ப்பங்களில் கேள்விப்பட்டிருப்பர். 2019 ஜனவரியில் இங்குள்ள தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டபோது ஒரு தடவை. அதே ஆண்டில் கொழும்பின் குப்பை அருவக்காட்டுக்கு வரத் தொடங்கியபோது இன்னொரு தடவை. வில்பத்துக் காடு பற்றிய சர்ச்சை எழும் போதெல்லாம் மற்றொரு தடவை. இம்மூன்று செய்திகளிலும் இங்கு வாழும் மனிதர்கள் இல்லை. வெடிபொருள், குப்பை, காடு ஆகிய மூன்றுக்குமான ஓர் இடமாகவே எமது பிரதேசம் பத்திரிகைகளில் இருந்து வருகிறது.

சற்றுப் பழைய நூல்களைப் புரட்டினால் இப்பகுதிக்கு வரலாறு இல்லாமலில்லை. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா கரையிறங்கியதாகக் குறிப்பிடும் 'பத்தாலா' புத்தளமே என ஆய்வாளர் பலர் கருதுவர். வில்பத்துவின் ஓரத்திலுள்ள பொன்பரிப்பில் தாழிகளில் இறந்தோரைப் புதைத்த பழங்கால ஈமக்காடு அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை அகராதி நூல் இக்கரையோரத்தின் ஊர்களைப் பெயர் சொல்லிப் பதிவு செய்தது. எனினும் பொன்பரிப்பின் தாழிகளைப் பற்றி அறிந்த அளவுக்கு, கடந்த 35 ஆண்டுகளில் எமது கண்முன்னே தோன்றிய ஊர்களைப் பற்றி நாம் அறிந்திருக்கிறோமா என்பது ஐயத்துக்குரியது. அவ்வூர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

நகரமா, கிராமமா?

நகரக் கிராமம் என்றொரு சொல் இன்று ஆய்வுலகில் அதிகம் புழங்குகிறது. டில்லி மாநகரம் விரிந்தபோது அதனால் விழுங்கப்பட்ட பழைய கிராமங்களை இதற்கு முதல் உதாரணமாகக் காட்டுவர். 1908இல் ஆங்கிலேய நிர்வாகம் வரி அறவீட்டுக்காகக் கிராமக் குடியிருப்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஒன்றை வரைந்தது. லால் டோரா எனப்பட்ட அக்கோட்டுக்கு வெளியே இருந்த வயல்கள் பின்னாளில் நகரத்துக்காகச் சுவீகரிக்கப்பட்டன. கோட்டுக்குள் இருந்த வீடுகள் மாத்திரம் எஞ்சின. வயலில்லாத கிராமம், திட்டமில்லாத நகரம் என்ற இரட்டை நிலையில் அவ்வூர்கள் இன்றும் வாழ்கின்றன. சீனாவின் தென்கரை நகரங்களிலும் இத்தகைய ஊர்கள் உண்டு. எமது நாட்டில் கொம்பனித்தெரு, வாழைத்தோட்டம் போன்ற கொழும்பின் பழைய முஸ்லிம் குடியிருப்புகளையும் இவ்வகையில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு நகரம் கிராமத்தை விழுங்குவதால் மட்டும் நகரக் கிராமம் உருவாவதில்லை. நகரத்து மக்களும் கடலோர மக்களும் விவசாயிகளும் ஒரே இரவில் துரத்தப்பட்டு, அயல் மாவட்டமொன்றின் மணலில் நெருக்கமாகக் குடியேறும்போதும் அது உருவாகும். புத்தளம் மாவட்டத்தில் நிகழ்ந்தது அதுவே.

எமது நாட்டின் புள்ளிவிபரங்கள் இதைக் காட்டமாட்டா. அதற்கு நிர்வாகக் காரணம் ஒன்றுண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ், அதுவரை சிறு நகரங்களை ஆண்ட பட்டின சபைகள் கலைக்கப்பட்டுப் பிரதேச சபைகளுடன் இணைக்கப்பட்டன. அதன் பின்னர் மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வாழ்வோர் மாத்திரமே நகரவாசிகளாகக் கணிக்கப்பட்டனர். 1981இல் நூற்றுக்கு 21.5 ஆக இருந்த நகரச் சனத்தொகை 2012 குடிசன மதிப்பீட்டில் 18.2 ஆகக் குறைந்ததற்கு இந்த வரைவிலக்கணம் ஒரு முக்கிய காரணமாகும். நாடு முழுவதும் கட்டடங்களும் கடைத்தெருக்களும் பெருகிய காலத்தில், காகிதத்தில் நகரம் சுருங்கியது. புத்தளம் மாவட்டத்தில் அம்மதிப்பீட்டின்படி புத்தளம், சிலாபம் ஆகிய இரண்டு நகர சபை எல்லைகள் மட்டுமே நகரங்கள். வயலும் இல்லாமல் வரம்பும் இல்லாமல் வேலியோடு வேலியாக வீடுகள் நெருங்கிய ஆலங்குடாவும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளும் கணக்கில் 'கிராமம்' ஆயின. போதாக்குறைக்கு நீண்ட காலம் அவை கிராமம் என்ற பெயரைக்கூடப் பெறவில்லை. முகாம் என்றும் நலன்புரி நிலையம் என்றுமே அழைக்கப்பட்டு வந்தன.

1990 ஒக்டோபர்

வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட வரலாற்றை இவ்விதழின் வாசகர்களுக்கு விரிவாகக் கூறவேண்டியதில்லை. 1990 ஒக்டோபரின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய மாவட்டங்களிலிருந்தும் வவுனியாவில் தமது கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மொத்தத்தில் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேறினர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்தனர். தரைவழியாக வந்தோர் வவுனியா, அநுராதபுரம் ஊடாக வந்தனர். பெரும்பான்மையோர் இறுதியில் புத்தளம் மாவட்டத்தை அடைந்து கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளில் தங்கினர்.

இவ்வெளியேற்றத்தைப் பற்றி இன்று நூல்கள் உள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் தமது வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கென ஒதுக்கினார். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த அவர் 2018இல் மறையும் வரை இம்மக்களின் கணக்கை வைத்திருந்தவர். நோர்வே நாட்டு ஆய்வாளர் கத்ரின் புரூன் புத்தளத்தில் தங்கி ஆராய்ந்து 2008இல் ஒரு நூலை வெளியிட்டார். சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிதியத்தின் முன்முயற்சியில் அமைந்த பிரஜைகள் ஆணைக்குழு ஊர் ஊராகச் சாட்சியங்களைத் திரட்டி 2011இல் அறிக்கையிட்டது.

இவையனைத்தும் பெறுமதியானவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றின் மையம் வெளியேற்றமும் அதன் விளைவுகளும்தான். 1990 ஒக்டோபரை நாம் நினைவு கூருகிறோம். அதன் பின்னர் வந்த பெருநாள்கள், மழைக்காலங்கள், திருமணங்கள், மையித்துகள், பரீட்சைகள் ஆகியவை சேர்ந்து எப்படி ஓர் ஊராகத் திரண்டன என்பது எழுதப்படவில்லை. ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் 2006இல் கணக்கெடுத்தபோது புத்தளத்தில் 140க்கும் மேற்பட்ட இடங்களில் இம்மக்கள் வாழ்ந்தனர். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு, ஒரு பெயர் வந்த கதை உண்டு. அவற்றுள் எத்தனைக்கு நாம் ஒரு பக்க வரலாறாவது எழுதியிருக்கிறோம்?

நிலமும் கிணறும்

ஓர் ஊர் எப்படி உருவாகிறது என்பதை அறியச் சிறந்த வழி அதன் நிலத்தையும் நீரையும் கவனிப்பதாகும்.

முதல் நாட்களில் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிறைந்தன. பின்னர் தென்னந்தோட்டக்காரர்கள் தம் காணிகளில் தங்க இடமளித்தனர். கம்பு நட்டு, கிடுகு வேய்ந்து, உரச்சாக்கைத் தைத்து மறைப்புக் கட்டிய குடிசைகள் எழுந்தன. காணி இன்னொருவருடையது என்பதால் நிலையான அத்திவாரம் போட இயலாது. தோட்டத்தின் தேங்காய் தோட்டக்காரருக்கு, மரத்தின் நிழல் குடியிருப்போருக்கு என்ற வாய்மொழி ஒப்பந்தத்திலேயே பல முகாம்கள் ஆண்டுக்கணக்கில் நின்றன. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதியான உலர் உணவு நிவாரணம் கிடைத்தது. அரிசியின் விலை ஏறிக்கொண்டே போனது. அத்தொகை பல ஆண்டுகளாக மாறாமலே நின்றது.

மெல்ல மெல்ல மக்கள் காணி வாங்கத் தொடங்கினர். காதிலும் கழுத்திலும் எஞ்சியிருந்தவற்றை விற்று, மத்திய கிழக்கிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தைச் சேர்த்து, பத்துப் பேர்ச், இருபது பேர்ச் என வாங்கினர். ஊரின் தெருக்கள் வரையப்பட்டது அப்போதுதான். நில அளவையாளர் வந்து திட்டமிட்டு வரைந்தவை அல்ல அவை. தென்னை வரிசைகளுக்கு இடையே துண்டாடப்பட்ட காணிகளின் எல்லைகளே பின்னர் தெருக்களாயின. இன்றும் இவ்வூர்களில் நடந்து செல்வோர் சில தெருக்கள் ஒரே நேராகச் சென்று திடீரென ஒரு வேலியில் முடிவதைக் காணலாம். அங்கே ஒரு தோட்டத்தின் எல்லை இருந்தது என்பதே அதன் பொருள்.

பத்துப் பேர்ச் என்பது ஏறத்தாழ 2,700 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 52 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது இருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதார பரிசோதகர்கள் சொல்லும் பாடம். 52 அடிக் காணியில் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி. வலப்பக்கம் அயலவரின் குழி, பின்பக்கம் இன்னொருவரின் குழி. இக்கணக்கை எப்படிப் போட்டாலும் விடை வராது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் நன்னீர் என்பது உவர் நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை மாத்திரமே. அதிகம் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். மேலிருந்து விடும் அனைத்தும் மணலினூடே விரைவாக இறங்கிவிடும். வெங்காயத் தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் அவ்வாறே இறங்குகிறது. ஒரு நகரத்தின் நெரிசலை, நகரத்துக்குரிய குழாய் நீரோ கழிவு வாய்க்காலோ இல்லாமல் ஒரு மணல் திடலில் வைத்தால் என்ன நிகழும் என்பதை இக்கிணறுகள் காட்டின. காகிதத்தில் கிராமம் என்றிருந்ததால் நகர வசதி வரவில்லை. முகாம் என்றிருந்ததால் கிராமத்துக்குரிய வசதியும் நிரந்தரமாக வரவில்லை.

2007இல் உலக வங்கி அங்கீகரித்த 32 மில்லியன் டொலர் வீடமைப்புத் திட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. கிடுகு வீடுகளின் இடத்தில் கல்வீடுகள் எழுந்தன. நீர், மலசலகூட வசதிகளும் சேர்க்கப்பட்டன. அயலிலிருந்த வறிய உள்ளூர்க் குடும்பங்களும் பயனாளிகளாயின. எனினும் காணி உறுதி உள்ளவருக்கே வீடு என்பது நிபந்தனை. இதனால் உறுதி என்ற ஒரு காகிதம் ஒரே ஊரை இரண்டாகப் பிரித்தது. பத்துப் பேர்ச் வாங்க முடிந்தவர் வீட்டுக்காரரானார். வாங்க முடியாதவர் முகாம்காரராகவே எஞ்சினார். அவர்களுடைய கதை எந்தத் திட்ட அறிக்கையிலும் விரிவாக வராது. ஊர் வரலாற்றில்தான் வரமுடியும்.

இடாப்பும் கடுத்தமும்

வரலாறு எழுதுவதற்கு ஆவணம் எங்கே என்று கேட்கலாம். ஆவணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அவற்றை ஆவணம் என்று நாம் மதிக்காததே குறை.

பாடசாலைச் சேர்விடாப்பை எடுத்துக்கொள்வோம். மாணவர் பெயர், பிறந்த திகதி, பாதுகாவலர், முகவரி, முன்னைய பாடசாலை, விலகிய திகதி, விலகிய காரணம் என்று அதில் நிரல்கள் உண்டு. ஆசிரியத் தொழிலின் காரணமாக அத்தகைய இடாப்புகள் சிலவற்றைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1990 நவம்பருக்குப் பிந்திய பக்கங்களில் முன்னைய பாடசாலை என்ற நிரல் வடமாகாணத்தின் வரைபடமாகவே மாறிவிடுகிறது. விடுகைப் பத்திரம் இல்லாமல், பெற்றோரின் வாய்மொழியைக் கொண்டு மட்டும் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். முகவரி நிரலில் தெருவும் இல்லை, இலக்கமும் இல்லை. முகாமின் பெயர் மட்டும் உண்டு. சில ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்தின் இளைய பிள்ளை சேரும்போது முகவரியில் ஒரு நகரின் பெயரோ புரத்தின் பெயரோ வந்துவிடுகிறது. ஒரு முகாம் ஊராக மாறிய தருணத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. அதிபரின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் இதனோடு சேர்த்து வாசித்தால், காலையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் மாலையில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரே கட்டடத்தில் வகுப்பு நடந்த காலத்தை நாளுக்கு நாள் அறியலாம்.

அடுத்தது பள்ளிவாசல். கடுத்தப் புத்தகங்களில் மணமகன் ஊர், மணமகள் ஊர், சாட்சிகளின் ஊர் என எல்லாம் உண்டு. தொடக்க ஆண்டுகளில் பழைய ஊரார் பழைய ஊராருக்குள்ளேயே சம்பந்தம் செய்தனர். பின்னர் யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் சம்பந்திகளாயினர். அதன் பின்னரே புத்தளத்தார் வீட்டிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வரத் தொடங்கினர். மூத்த சகோதரனைக் காக்கா என்றழைக்கும் வீடும் நாநா என்றழைக்கும் வீடும் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்டன. அம்முற்றத்தில் வளர்ந்த பிள்ளையின் தமிழ் யாழ்ப்பாணத்ததும் அன்று, மன்னாரினதும் அன்று, புத்தளத்ததும் அன்று. மொழி ஆராய்ச்சியில் ஈடுபாடுள்ளோர் இத்தமிழைக் கேட்டுப் பதிந்து வைக்கக் காலம் கடத்தக்கூடாது.

மையவாடியும் ஓர் ஆவணமே. வந்தவர்கள் முதல் மையித்தை எங்கே அடக்கினார்கள் என்ற கேள்வி சிறியதன்று. தம் ஊரில் அடக்கப்படவேண்டும் என்று விரும்பிய முதியவர்கள் இங்கே அடக்கப்பட்டனர். அன்றிலிருந்து இந்த மண் விட்டுச் செல்ல முடியாத மண்ணாயிற்று. தனி மையவாடி எந்த ஆண்டில் அமைந்தது, அதற்கு நிலம் கொடுத்தவர் யார் என்பன ஊர்ப் பெரியோருக்குத் தெரியும். அவர்கள் குறைந்துகொண்டே வருகின்றனர்.

பெயர்களையும் விட்டுவிடலாகாது. எமது பகுதியில் வில்லு என்பது மழைநீர் தங்கும் இயற்கைக் குளத்தைக் குறிக்கும். வண்ணாத்திவில்லுவும் நாகவில்லுவும் அவ்வாறு அமைந்த பெயர்களே. இன்று நாகவில்லுவில் எருக்கலம்பிட்டியின் பெயரைத் தாங்கிய பாடசாலை நிற்கிறது. ஒரு பழைய வில்லின் பெயருக்குள் மன்னார்த் தீவின் ஓர் ஊர் வந்து குடியேறியிருக்கிறது. ஹிஜ்ரத், ஹிதாயத், ரஹ்மத் என்ற பெயர்கள் சூட்டப்பட்ட குடியிருப்புகளும் உண்டு. புத்தளம் நகரின் உப்பளத்தை அடுத்த இரு முகாம்கள் சோல்டன் ஒன்று, சோல்டன் இரண்டு என்று ஆங்கிலச் சொல்லோடு இலக்கமும் பெற்றன. தனக்குத் தானே பெயர் சூட்டிய ஊருக்கும் அதிகாரிகளின் பட்டியலில் இலக்கம் பெற்ற ஊருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வரவேற்றோரின் வரலாறு

இவ்வரலாற்றில் இன்னொரு தரப்பு உண்டு. அதுவும் எழுதப்படாத தரப்பே.

1990இல் புத்தளம் செல்வம் கொழித்த மாவட்டமாக இருக்கவில்லை. உப்பளம், மீன்பிடி, தென்னை, கூலி வேலை என்று வாழ்ந்த மக்கள் தம் அடுப்பில் இன்னொரு பானையை ஏற்றினர். பள்ளிவாசல் முற்றங்களில் சோறு சமைத்துப் பகிர்ந்தனர். கிணற்றைத் திறந்துவிட்டனர். இதற்கு எந்த ஆவணத்திலும் பற்றுச்சீட்டு இல்லை.

அதே மக்கள் பின்னர் முகம் சுளித்தனர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு ஆட்கள் பெருகியபோது நாட்கூலி உயர வழியில்லாமற் போயிற்று. வகுப்பறையும் வைத்தியசாலை வாட்டும் நெருங்கின. நிவாரணம் ஒரு வேலிக்கு அப்பால் வந்தது, அதே வறுமையோடிருந்த இவ்வேலிக்கு வரவில்லை. 'அகதி' என்ற சொல் பாடசாலை விளையாட்டிடத்தில் வசைச் சொல்லாகப் புழங்கியது. மறுபுறத்தில், யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் கடை நடத்தியவர் இங்கே தலைச்சுமை வியாபாரியானார். அவரது மனைவி விடியற்காலையில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வெங்காயம் பிடுங்கப் போனார். ஒரு தரப்பின் மனச்சுமையை மறு தரப்பு அறியவில்லை.

அக்காலத்தில் மேடைகளில் முஹாஜிர், அன்ஸார் என்ற உவமை அடிக்கடி சொல்லப்பட்டது. மதீனாவில் முஹாஜிர் என்பது கௌரவமான பெயர். அங்கே வந்தவர்கள் சந்தைக்குப் போனார்கள், தொழில் செய்தார்கள், ஊரின் அலுவல்களில் சம பங்காளிகளானார்கள். அன்ஸார்கள் என்றென்றைக்கும் கொடுப்பவர்களாகவும் முஹாஜிர்கள் என்றென்றைக்கும் பெறுபவர்களாகவும் இருக்கவில்லை. எமது மாவட்டத்தில் உவமையின் முதற்பாதி நிறைவேறியது. இரண்டாம் பாதியைச் சட்டமும் நிர்வாகமும் நாமும் சேர்ந்து தாமதப்படுத்திவிட்டோம்.

இரண்டு ஊர்கள்

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்ததும் திரும்பிச் செல்லுதல் பற்றிய பேச்சு வந்தது. 1990இல் ஒரு குடும்பமாக வந்தவர்கள் அதற்குள் நான்கு குடும்பங்களாகியிருந்தனர். அங்கே இருந்ததோ ஒரு வளவு. அதிலும் மரம் முளைத்துக் கூரை விழுந்திருந்தது. மன்னாரின் தென்பகுதியில் மக்கள் திரும்பிய நிலங்களுள் சில 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி - கரடிக்குளி வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. இருபது வருடங்கள் ஆளில்லாத நிலத்தில் காடு வளர்ந்தது. காடு வளர்ந்ததால் அது காடென்று ஆயிற்று. எமது எழுவான்குளம் வழியாக வில்பத்துவை ஊடறுத்து மன்னாருக்குச் செல்லும் பழைய பாதையும் நீதிமன்றம் ஏறியது.

வாக்குரிமையிலும் இதே இழுபறிதான். பழைய மாவட்டத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய 2013இல் விசேட சட்டம் இயற்றப்பட்டது. 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்ற மக்களின் பஸ் வண்டிகள் தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளாயின. தெய்வாதீனமாக உயிரிழப்பு இல்லை. ஓர் ஊரில் வாழ்ந்து இன்னோர் ஊரில் வாக்களிப்பவர்கள், இரண்டு ஊரிலும் 'நீங்கள் அந்த ஊர்க்காரர்தானே' என்ற கேள்வியைக் கேட்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகளிடம் ஊர் எது என்று கேட்டால் சிலர் இரண்டு பெயர்களைச் சொல்வர். அவற்றுள் ஒன்றை அவர்கள் பெருநாள் விடுமுறையில் மட்டுமே பார்த்திருப்பர்.

புத்தளத்து ஊர்களின் வரலாறு எழுதப்படாமைக்கு ஓர் ஆழ்ந்த காரணம் இங்குதான் உள்ளது. இங்கே வேரூன்றிவிட்டோம் என்று எழுதினால் வடக்கின் மீதான உரிமை பலவீனமடைந்துவிடும் என்ற அச்சம் பெரியோர் பலருக்கு உண்டு. அது நியாயமற்ற அச்சமன்று. நிலத்தைப் பிடித்து வைத்திருப்போர் அவ்வாறான எழுத்தைத் தமக்குச் சாதகமாக எடுத்துக் காட்டக்கூடும். ஆனால் எழுதாமல் விட்டதால் என்ன கிடைத்தது? அங்கேயும் உரிமை நிறைவேறவில்லை, இங்கேயும் ஊர் முகாமாகவே கணிக்கப்பட்டது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி ஐக்கிய நாடுகள் 1998இல் வகுத்த வழிகாட்டிக் கோட்பாடுகள், திரும்பிச் செல்வதையும் வேறிடத்தில் குடியேறுவதையும் மக்களின் சுயவிருப்புக்கு விடுகின்றன. ஒன்றைத் தேர்ந்ததற்காக, விட்டுவந்த சொத்தின் மீதான உரிமை அற்றுப் போவதில்லை.

எமது மார்க்க வரலாற்றிலேயே இதற்குச் சிறந்த உதாரணம் உண்டு. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. பிறந்த ஊரின் கதவு திறந்தது. இனி நபியவர்கள் (ஸல்) அங்கேயே தங்கிவிடுவார்களோ என்று அன்ஸார்கள் கலங்கினர். அவர்களோ மதீனாவுக்கே திரும்பினார்கள். அங்கேயே வாழ்ந்தார்கள், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். மக்காவின் மீதான உரிமையை அது எள்ளளவும் குறைக்கவில்லை. துரத்தப்பட்ட ஊர் மீதான உரிமையும் கட்டியெழுப்பிய ஊர் மீதான பற்றும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும்.

எழுத வேண்டியவர்கள்

1990இல் முப்பது வயதில் வந்தவருக்கு இன்று அறுபத்தைந்து. முதல் கிணற்றை வெட்டியவரும், முதல் கிடுகுப் பள்ளியில் பாங்கு சொன்னவரும், முகாம் தலைவராக நிவாரணப் பட்டியல் வைத்திருந்தவரும் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். அவர்களுடைய கொப்பிகளைக் கறையான் அரிக்கிறது. கல்வீட்டில் பிறந்த பிள்ளைகள் தம் ஊர் வீடமைப்புத் திட்டத்தோடு தோன்றியது என்றே எண்ணி வளர்கின்றனர்.

இதற்குப் பல்கலைக்கழகம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பாடசாலையும் தன் பழைய சேர்விடாப்பைப் பிரதி செய்து பாதுகாக்கலாம். ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் கடுத்தப் புத்தகங்களையும் மையவாடி விபரங்களையும் ஒழுங்குபடுத்தலாம். உயர்தர வகுப்பு மாணவர் தம் வீட்டு முதியவரிடம் நான்கு கேள்விகள் கேட்டு எழுதலாம்: எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், முதலில் யாருடைய காணியில் இருந்தீர்கள், தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், இந்த ஊருக்குப் பெயர் வைத்தவர் யார்? காணி கொடுத்த உள்ளூர்க் குடும்பங்களிடமும் அதே கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். இரு தரப்பின் விடைகளும் ஒரே நூலில் அருகருகே அச்சாக வேண்டும்.

எமது கவிதைகளிலும் சிறுகதைகளிலும் 1990 ஒக்டோபர் நிறையவே பதிவாகியுள்ளது. விட்டுவந்த வீடு, பூட்டிவந்த கதவு, கொண்டுவராத குர்ஆன் பிரதி எல்லாம் எழுத்தாகியுள்ளன. அவ்வளவு கவனம் இங்கே கட்டிய வீட்டுக்கும், உவர்த்துப் போன கிணற்றுக்கும், வெங்காயத் தோட்டத்துக்கு உழவு இயந்திரத்தில் போன தாய்மாருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த முறை இப்பகுதியின் பெயர் பத்திரிகையில் வரும்போது, குப்பையோடும் வெடிபொருளோடும் அல்லாமல், மணலில் ஊர் சமைத்த மனிதர்களோடு சேர்ந்து வரவேண்டுமானால், அதை எழுதும் பொறுப்பு இவ்வூர்களில் வாழும் எங்களுடையதே.